மில்மா பால் பாக்கெட்டை மறைக்க வேண்டுமா? எல்லையோரத்தில் ஒரு சின்னப் படம் எடுத்த அனுபவம்

சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்கக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது கேமராவைப் பற்றி அல்ல. “கடையில தொங்குற சிப்ஸ் பாக்கெட், ஹீரோ கையில இருக்கிற கூல்டிரிங்க்ஸ், அம்மா நெத்தியில தேய்க்கிற தைலம், இதெல்லாம் கம்பெனிக்காரங்ககிட்ட கேட்காம காட்டலாமா? கேஸ் போட்டுருவாங்களா?” இதுதான். பெரும்பாலும் காட்டலாம் என்பதுதான் என் பதில். எதைக் காட்டுகிறோம் என்பதைவிட, அந்தப் பொருளுக்குக் காட்சியில் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் சிலர் பயந்துபோய் கண்ணில் பட்ட எல்லா லேபிள் மேலும் கருப்பு டேப் ஒட்டுகிறார்கள். சிலர் “நம்ம படத்தை யார் பார்க்கப் போறா” என்று கண்டதையும் காட்டிவிட்டு, விற்கப் போகும் நேரத்தில் முழிக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

நாங்கள் படம் எடுத்தது தமிழ்நாட்டுப் பக்கம் செங்கோட்டை, புளியரை, கேரளப் பக்கம் ஆரியங்காவு, கொஞ்சம் தென்மலை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது, எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு இந்த எல்லைக்கோடு நடுவில் வந்த ஒன்று. கதை இவ்வளவுதான்: புளியரையில் குடியிருந்துகொண்டு தினமும் காலையில் மலையேறிப் போய் ஆரியங்காவில் லாட்டரி விற்கும் ஒருவர், வீட்டில் பீடி சுற்றும் அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இல் தடை வந்துவிட்டது. கேரளாவில் 1967இல் தொடங்கி இன்றுவரை அரசாங்கமே நடத்துகிறது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போய் வாங்குவதும் விற்பதும் இங்கே அன்றாடப் பிழைப்பு.

இப்படி ஒரு கதையில் பிராண்டு இல்லாமல் என்ன செய்வீர்கள்? மலையும் மழையும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு பூத்தில் ஆவின் பாக்கெட், ஆரியங்காவு டீக்கடை மேஜையில் கேரளத்து மில்மா பாக்கெட். இங்கே டாஸ்மாக் போர்டு, அங்கே கேரள அரசு மதுக்கடையான பெவ்கோ வாசலில் க்யூ. ஆள் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று ஒரு வரி வசனம் இல்லாமல் சொல்ல அந்தப் பால் பாக்கெட் ஒன்று போதும். அதை எடுத்துவிட்டு வெறும் வெள்ளை பாக்கெட்டை வைத்தால் நாங்கள் எந்த ஊரிலும் இல்லாத ஒரு படத்தை எடுத்தவர்கள் ஆகிவிடுவோம். அந்த ஊர் மக்கள் கையில் என்ன இருக்கிறதோ அது திரையில் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதற்காகத்தான் சட்டத்தையும் உட்கார்ந்து படித்தேன்.

திருநெல்வேலியில் ஒரு வக்கீல் அண்ணனிடம் ஸ்கிரிப்டை சீன் சீனாகப் படித்துக்காட்டி, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஒரு லேபிளுக்குள் இரண்டு உரிமை இருக்கிறது. பெயரும் அடையாளமும் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தில் வரும். லேபிளில் வரைந்திருக்கிற படம், ஓவியம் என்ற கணக்கில், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் வரும். வணிகக்குறி எதற்காக இருக்கிறது என்றால், ஒருவர் பெயரை வைத்து இன்னொருவர் சரக்கு விற்கக் கூடாது, வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக. நீங்கள் பால் விற்கவில்லை, படம் எடுக்கிறீர்கள். உங்கள் நாயகி ஒரு பால் பாக்கெட்டை வெட்டி டீ போட்டால், இந்தப் படத்தையே அந்தப் பால் கம்பெனிதான் தயாரித்தது என்று யாரும் நினைக்கப் போவதில்லை. பொருள் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்து, செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறவரை உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் இரண்டு இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 29(4) சொல்வது, பெயர்பெற்ற ஒரு குறியை அதன் மதிப்பைக் கெடுக்கிற மாதிரியோ, அதை வைத்து நியாயமில்லாத ஆதாயம் தேடுகிற மாதிரியோ பயன்படுத்தினால், நீங்கள் வேறு தொழிலில் இருந்தாலும் மீறல் என்று வாதாட முடியும். 29(9) சொல்வது, எழுத்தில் காட்டுவது மட்டுமல்ல, வாயால் சொல்வதும் கணக்கில் வரும். இந்த இரண்டாவதை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. 2013இல் ஒரு இந்திப் படத்தில் ரூஹ் அஃப்ஸா சர்பத்தைப் பற்றி வந்த வசனத்துக்காக அதைத் தயாரிக்கும் ஹம்தர்த் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முன்னால் 2010இல், ‘தபாங்’ படத்துப் பாட்டு ஒன்றில் ஜண்டு பாம் பெயர் வந்ததற்கு வக்கீல் நோட்டீஸ் போனது, அப்புறம் சமாதானமாகி அந்தப் பாட்டுக்கு ஆடிய நடிகையே அந்தத் தைலத்தின் விளம்பரத்துக்கு வந்தார். பெரிய படத்துக்கு இப்படிச் சமாதானமும் விளம்பரமும் ஆகும். நம்மை மாதிரி ஆட்களுக்கு அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதும் வக்கீல் செலவே படத்தின் எடிட்டிங் செலவைத் தின்றுவிடும்.

பதிப்புரிமைச் சட்டம் நமக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. 52(1)(யு) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. பொது இடத்திலோ மக்கள் வந்துபோகும் இடத்திலோ நிரந்தரமாக இருக்கும் ஓவியம், சிற்பம் போன்றவற்றைப் படத்தில் காட்டினால் மீறல் இல்லை. வேறு எந்த ஓவியமானாலும் அது பின்னணியாகவோ, முக்கிய விஷயத்துக்கு நடுவே தற்செயலாகவோ வந்தாலும் மீறல் இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் வரைந்த சிமெண்ட் விளம்பரம், டீக்கடைப் பலகையில் இருக்கும் டீத்தூள் படம் எல்லாம் இதில் அடங்கிவிடும். ஆனால் அந்தப் படத்தின் மேலேயே போய் கேமராவை நிறுத்தி, அதை வைத்தே காட்சியை நடத்தினால் ‘பின்னணி’ என்று சொல்ல வாய் இருக்காது.

சட்டம் படிக்காமலே இதையெல்லாம் ஒரே கேள்வியில் கேட்டவர் செங்கோட்டையில் சோடா, கலர் போடும் ஒரு அண்ணாச்சி. எங்கள் நாயகன் மலையிலிருந்து இறங்கி வந்ததும் குடிக்கிற கலர் அவருடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பக்கத்தில் மட்டும் ஓடும் சரக்கு, பெயர் புடைத்துத் தெரியும் கண்ணாடி பாட்டில், கழுத்தில் துருப்பிடித்த மூடியின் வளையம். கம்பெனிக்கே போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒங்க கலர் பாட்டில் படத்துல வருது. சம்மதம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுத் தரணும்.”

“குடிச்சுட்டுச் சாவானாவே?”

“இல்ல அண்ணாச்சி. தாகத்துக்குக் குடிக்கான், அப்புறம் வீட்டுக்குப் போறான்.”

“அப்ப எழுதிக்கோ. பேரு தெளிவாத் தெரியணும், ஆமா.”

குடிச்சுட்டுச் சாவானா என்பதுதான் 29(4). ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனோம். இதைக் குடித்து யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போகிறதா, இது உடைந்து யாருக்காவது அடிபடுகிறதா, இதைப் போட்டுக்கொண்டு யாராவது கெட்ட காரியம் செய்கிறானா?

கடைசிக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ‘ஜெயிலர்’. 2023 ஆகஸ்டில் வெளியான அந்தப் படத்தில் கூலிக்குக் கொலை செய்யும் ஓர் ஆள் ஆர்சிபி அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணைப் பற்றிக் கேவலமாகப் பேசுவான். அணி நிர்வாகம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரு தரப்பும் பேசி முடித்து, அந்த ஜெர்சி ஆர்சிபியுடையது என்று அடையாளம் தெரியாதபடி மாற்றுவதென்று ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் 1 முதல் தியேட்டரில் மாற்றிய பதிப்புதான் ஓட வேண்டும், டிவிக்கும் ஓடிடிக்கும் அதேதான் என்று உத்தரவு. நன்றாகக் கவனியுங்கள், அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் தெருவில் கிரிக்கெட் விளையாடியிருந்தால் அநேகமாக இந்த வழக்கே வந்திருக்காது. எங்கள் ஷூட்டிங்கில், லாட்டரிப் பணத்தைப் பிடுங்கும் ஏஜென்ட்டின் ஆளாக நடிக்க வந்த புனலூர்ப் பையன் மஞ்சள் நிற ஃபுட்பால் ஜெர்சியில் வந்து நின்றான். கேரளாவில் பையன்கள் இருக்கும் இடத்தில் ஜெர்சியும் இருக்கும், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டையை மாற்றச் சொன்னோம். அதே காட்சியில் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு பையன் அர்ஜென்டினா ஜெர்சியில் இருந்தான், அவனை அப்படியே விட்டுவிட்டோம்.

இனி பால் விஷயம். ஸ்கிரிப்டில், கரண்ட் போன ராத்திரியில் கெட்டுப்போன பாலைக் குடித்துப் பையனுக்கு வாந்தி எடுக்கும். காலையில் வாசலில் கிடக்கும் பாக்கெட்டும், பின்னால் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வைத்த பாக்கெட்டும் கதைப்படி ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. முதல் காட்சியில் நிஜ பாக்கெட்டைக் காட்டிவிட்டு வாந்திக் காட்சியில் மட்டும் வேறு பெயரைக் காட்டினால் போதும் என்று முதலில் பேசினோம். வக்கீல் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கிறவர் மனதில் அந்த வீட்டுப் பால் என்றால் முதலில் பார்த்த பால்தான், நடுவில் பாக்கெட் மாறியதை யார் கவனிப்பார் என்றார். சரி என்று அந்த வீட்டுச் சமையலறைக்குள் வரும் பால் முழுக்கக் கற்பனைப் பெயராக்கினோம். நிஜப் பெயர் வந்தது வெளியே, பஸ் ஸ்டாண்டு பூத்திலும் ஆரியங்காவு டீக்கடையிலும் மட்டும்.

கற்பனைப் பெயர் வைப்பதிலும் வேலை இருக்கிறது. வாயில் வருகிற பெயரை எல்லாம் வைத்துவிடக் கூடாது, நீங்கள் கற்பனை என்று நினைக்கும் பெயரில் ஈரோட்டில் யாராவது நிஜமாகவே பால் விற்றுக்கொண்டிருப்பார். வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: பால் 29, டீ காப்பி 30, குளிர்பானம் 32, சாராய வகை 33, புகையிலை 34, மருந்து 5. உங்கள் பெயரை அந்த வகுப்பில் போட்டுப் பாருங்கள், உச்சரிப்பில் ஒத்துப்போகும் பெயரையும் பாருங்கள். பிரபலமான பிராண்டின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைப்பது நிஜப் பெயரைக் காட்டுவதைவிட மோசம், வேண்டுமென்றே செய்தது அப்பட்டமாகத் தெரியும். லேபிள் அடிக்கும்போது எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவு உரிம எண், பார்கோடு இவற்றை வேறு பாக்கெட்டிலிருந்து காப்பி அடிக்காதீர்கள், அவை இன்னொருவருடைய பதிவு. கடை போர்டில் போன் நம்பர் வேண்டும் என்றால் தயாரிப்புக்காக வாங்கிய சிம் கார்டு நம்பரைப் போடுங்கள். தென்காசியில் எங்களுக்கு அடித்துக் கொடுத்தவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தம்பி. அவர் மெஷினில் பால் பாக்கெட் பிளாஸ்டிக் மேல் அச்சு ஏறாது என்பதால் வெள்ளை பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, விளிம்பு தெரியாமல் இருக்க அதன் மேல் தண்ணீர் தெளித்தோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட் மாதிரியே வேர்த்திருந்தது.

லாட்டரிச் சீட்டு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருந்தோம். அது அரசாங்கத்தின் சீட்டு, அதைப் போலவே நகல் அடித்து வைப்பது பிராண்டுத் தகராறோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. இந்திய அரசு முத்திரைக்குத் தனிச் சட்டம் 2005இலேயே இருக்கிறது. தூரத்து ஷாட்டில் பலகையில் கிளிப் போட்டுத் தொங்கியவை எல்லாம் குலுக்கல் முடிந்துபோன நிஜ சீட்டுகள், விற்கிறவர்களிடம் சும்மாவே கிடைத்தவை. கதையில் பரிசு விழும் அந்த ஒரு சீட்டு மட்டும் எங்கள் கற்பனை: வேறு பெயர், வேறு நிறம், அளவும் வேறு, முத்திரை இல்லை. கதையில் ஏமாற்றுவதும் ஏஜென்ட்தான், குலுக்கல் அல்ல. இந்த வித்தியாசம் வசனத்தில் தெளிவாக வரும்படி பார்த்துக்கொண்டோம்.

பீடி. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் கையில் சொளவு (முறம்) இருந்தால் அதில் பீடி இலையும் தூளும் இருக்கும். இதைக் காட்டாமல் இந்தப் பக்கத்து வீட்டைக் காட்டவே முடியாது. புகையிலையில் மட்டும் சலுகையே கிடையாது, நிஜ பிராண்டு திரையில் தெரியக் கூடாது. 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி பிராண்டையும் காட்டக் கூடாது, பாக்கெட்டையும் புகையிலைப் பொருளையும் குளோசப்பிலும் காட்டக் கூடாது. புகையிலை வரும் காட்சியில் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும், தொடக்கத்திலும் இடையிலும் 30 வினாடி சுகாதாரப் படமும் 20 வினாடி எச்சரிக்கையும் போட வேண்டும். ஓடிடிக்கும் 2023 செப்டம்பர் 1 முதல் இதே மாதிரி விதி வந்துவிட்டது, அதனால் ‘நாங்க தியேட்டருக்கே போகலையே’ என்று தப்பிக்க முடியாது. எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. வீட்டில் சுற்றும் பீடியில் லேபிள் இருக்காது, கட்டாகக் கட்டிக் கடையில் கொடுத்த பிறகு கம்பெனியில்தான் ஒட்டுகிறார்கள். அந்தம்மாவாக நடித்தவர் நிஜமாகவே பீடி சுற்றுகிறவர். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை இரும்புக் குச்சியால் மடக்கும் வேகத்தை யாரும் சொல்லிக் கொடுத்து நடிக்க வைக்க முடியாது. அவர் முகத்தையும், தோள் அசைவதையும் கிட்டத்தில் எடுத்தோம். சொளவை எட்டவே வைத்துக்கொண்டோம்.

குடி அதைவிட எளிதாகப் போனது. எங்கள் ஆள் குடிப்பது கேரளத்துக் கள்ளுக்கடையில், கள்ளுக்கு லேபிள் கிடையாது. மதுபாட்டில் காட்டியே ஆக வேண்டும் என்றால் லேபிளை ஊறவைத்துக் கிழித்துவிட்டு வெறும் பாட்டிலாக வையுங்கள், சென்சாரில் எப்படியும் மங்கலாக்கச் சொல்லும் வாய்ப்பு அதிகம்.

பிராண்டைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறவர்கள் பாட்டைப் பற்றிப் பயப்படாமல் இருப்பதுதான் எனக்கு வேதனை. டீக்கடை ரேடியோவில் ஓடுகிற ஒரு பழைய பாட்டு, பஸ்ஸில் டிரைவர் போட்டிருக்கும் பாட்டு, யாரோ ஒருவருடைய ரிங்டோன், இவை உங்களை மாட்டிவிடும் அளவுக்கு எந்த லேபிளும் மாட்டிவிடாது. நான் மேலே சொன்ன 52(1)(யு) ஓவியம், சிற்பம் மாதிரியானவற்றுக்கு மட்டும்தான், பாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. யூடியூபில் ஏற்றினால் பால் பாக்கெட்டை எந்த மெஷினும் கண்டுபிடிக்காது, பாட்டை உடனே கண்டுபிடித்துவிடும். சுவரில் ஓடும் டிவியும் அப்படியே, அதில் ஓடும் சீரியலும் கிரிக்கெட்டும் வேறொருவருடைய சொத்து. கடைக்குள் போனதும் முதல் வேலையாக ரேடியோவையும் டிவியையும் அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாட்டு வசனத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பிரிக்கவே முடியாது. எங்களுக்கு ரேடியோ சத்தம் வேண்டும் என்பதால் புனலூரில் மெல்லிசைக் கச்சேரி செய்யும் நண்பர்களை வைத்து ஒரு மலையாளப் பாட்டைப் புதிதாகவே போட்டு, எழுதியவர், பாடியவர், வாசித்தவர் எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

சுவரில் தொங்கும் காலண்டரையும் சும்மா விடாதீர்கள். 2021இல் ‘ஜெய் பீம்’ படத்தில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த காலண்டர் படத்துக்காக எவ்வளவு பெரிய பிரச்சினை எழுந்தது, வெளியான பிறகு அதை மாற்ற வேண்டி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அது வணிகக்குறி விவகாரம் இல்லை. ஆனாலும் பின்னணிதானே என்று விட்ட பொருளும் பேசும். நாங்கள் ஒவ்வொரு வீட்டுக் காலண்டரையும் கழற்றிவிட்டு, பூப்படம் போட்ட ஒன்றை மாட்டினோம்.

கடைக்காரரிடம் வாங்கும் அனுமதியைப் பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆரியங்காவு டீக்கடைச் சேட்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவர் கடையில் படம் எடுப்பதற்கு. அங்கே இருக்கும் கம்பெனிகளின் பெயருக்கு அவர் சொந்தக்காரர் இல்லை. வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ்கூடப் பல கடைகளில் கூல்டிரிங்க்ஸ் கம்பெனி கொடுத்து வைத்திருப்பது. அதை நகர்த்தினாலோ, மேலே பெயிண்ட் அடித்தாலோ அவருக்குத்தான் தொல்லை, அதனால் அவர் பொருளில் கைவைக்காதீர்கள், கேமராவை நகர்த்துங்கள். அதே மாதிரி, சரக்கு இறக்க வரும் சேல்ஸ்மேனோ ஏஜென்சிக்காரரோ “தாராளமா காட்டுங்க சார், கம்பெனிக்கு விளம்பரம்தானே” என்பார். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் அது அனுமதி ஆகாது. சோடாக் கம்பெனி அண்ணாச்சி முதலாளி, அவர் கையெழுத்துச் செல்லும். அவரிடம் வாங்கிய பேப்பரில் படத்தின் பெயர், எந்தப் பொருள், எந்தக் காட்சியில் எப்படி வருகிறது, எந்த ஊடகத்திலும் எந்த நாட்டிலும் எத்தனை வருஷமானாலும் காட்டலாம், இதற்காக யாரும் யாருக்கும் பணம் தரவில்லை என்று எழுதி, கம்பெனி சீல் வைத்து வாங்கினோம்.

பெரிய கம்பெனிகளுக்கு மெயில் போட வேண்டுமா? போட்டுப் பார்த்தோம், பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் யோசியுங்கள்: கேட்காமல் காட்டினால் ‘சாதாரணமாக வந்த பொருள்’ என்று நீங்கள் சொல்லலாம், கேட்டு அவர்கள் எழுத்தில் முடியாது என்று சொன்ன பிறகு காட்டினால் அதே வார்த்தையைச் சொல்வது கஷ்டம். அதனால் மாட்டேன் என்று வந்தால் அந்தப் பொருளை மாற்றத் தயாராக இருக்கும் காட்சிக்கு மட்டும் கேளுங்கள். அப்புறம், பணமோ சரக்கோ வாங்கிக்கொண்டு காட்டினால் அது விளம்பரம். அவர்கள் வசனம்வரை திருத்தக் கேட்பார்கள், நீங்களும் ‘கதைக்காக வந்தது’ என்று பேச முடியாது.

மறைக்க வேண்டியதை ஷூட்டிங்கிலேயே மறைத்துவிடுங்கள். பாட்டிலை அரைத் திருப்பு திருப்பினால் போதும், விரல் பெயரின் மேல் வரும்படி பிடிக்கச் சொன்னால் போதும், பின்னால் இருப்பதற்கு லாங் லென்ஸ் போட்டு ஃபோகஸை முன்னால் வைத்தால் அதுவே மங்கிவிடும். கருப்பு டேப் மட்டும் வேண்டவே வேண்டாம், பார்க்கிறவர் கண் நேராக டேப்புக்குத்தான் போகும். எடிட்டிங்கில் மங்கலாக்குவது, கேமரா அசையாத ஷாட்டில் சுலபம். ஆள் பாட்டிலை ஆட்டிக்கொண்டே நடந்து, முன்னால் கையும் குறுக்கே வந்தால் ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்து செய்ய வேண்டும், காசு தண்ணீராகப் போகும்.

விழாக்களில் யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை. வாங்க வந்த ஓடிடி தளக்காரர்கள் கேட்டார்கள். படத்தில் தெரியும் ஒவ்வொரு பிராண்டும் எந்த நிமிஷத்தில் வருகிறது, யார் கையில் இருக்கிறது, வசனத்தில் பெயர் வருகிறதா, அனுமதிக் கடிதம் உண்டா என்று பட்டியல் வேண்டும் என்றார்கள். எங்கள் உதவி இயக்குநர் தங்கச்சி முதல் நாளிலிருந்தே காட்சித் தொடர்ச்சியைக் குறித்து வைக்கும் கண்டினியூட்டி நோட்டில் இதற்கென்று ஒரு பத்தி வைத்து எழுதி வந்ததால் அன்றைக்கு ராத்திரியே டைப் அடித்து அனுப்பிவிட்டோம். பார்த்துவிட்டு, டீக்கடை ஃபிரிட்ஜின் நெற்றியில் இருக்கும் பெயரை மட்டும் மங்கலாக்கச் சொன்னார்கள். சட்டப்படி அவசியமே இல்லை என்று வக்கீல் அண்ணன் சொன்னார், எனக்கும் மனசு வரவில்லை, ஆனால் அதுவே அந்தத் தளத்துக்கு விளம்பரம் கொடுக்கும் கம்பெனியின் போட்டிக் கம்பெனி என்று பிறகு தெரிந்தது. இப்படிச் சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் வரும். அசையாத ஷாட் என்பதால் செய்து கொடுத்தோம். மில்மாவும் ஆவினும் சோடாக் கம்பெனி அண்ணாச்சி பெயரும் அப்படியே இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். படத்தில் வந்த எந்தப் பெயர், குறி, பாட்டு பற்றி யார் வழக்குப் போட்டாலும் மொத்தச் செலவும் நஷ்டமும் தயாரிப்பாளர் தலையில் என்று இருக்கும், பெரும்பாலும் உச்சவரம்பே இல்லாமல். அவர்கள் உங்களுக்குத் தரும் தொகைக்கு மேல் உங்கள் பொறுப்பு போகாது என்று ஒரு வரம்பு போடச் சொல்லுங்கள், அவர்களாகவே வெட்டி ஒட்டிச் சேர்க்கும் டிரெய்லருக்கும் போஸ்டருக்கும் அவர்களே பொறுப்பு என்றும் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலாவதைக் கொடுத்தார்கள், இரண்டாவதற்குக் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு, டிரெய்லரை வெளியிடும் முன் எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார்கள்.